கரை கிழித்த வேட்டியும் ஏழாவது ஜனாதிபதியும்

விமானம், விசா, பேருந்து மாறிய விவரம் எல்லாம் நான் எழுதப்போவதில்லை. படிக்கிறவர்களுக்கும் அலுப்பு, எனக்கும் அலுப்பு. திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது இரண்டு முழங்காலும் என்னுடையவை இல்லை என்பதுபோல் இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மே மாத வெயில். மலைக்கோட்டைப் பாறையை நிமிர்ந்து பார்த்தேன், கண் கூசியது, குனிந்துகொண்டேன்.

பதினெட்டு வருஷமாக அமெரிக்காவில், டென்னசி மாநிலத்தில் இருக்கிறேன். அப்பா சாவுக்கு ஒருமுறை, அம்மா சாவுக்கு ஒருமுறை வந்தேன். இந்தத் தடவை யாரும் சாகவில்லை. தம்பி சேவியர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டு ஒரே வரி சொன்னான்: "அண்ணே, ஆட்சி மாறிருச்சு, கெளம்பி வா."

ரெட்டியார்சத்திரத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற கிராமத்தில் அவன் டேங்க் ஆபரேட்டராக இருந்தவன். மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்றி, தெருத்தெருவாக வால்வைத் திறந்துவிடுகிற வேலை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஆட்சி மாறியபோது அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேறொருவரைப் போட்டார்கள். அன்றிலிருந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய் மூட்டை தூக்குகிறான். இடுப்பு போயிற்று. அவன் மனைவி ஸ்டெல்லா, 'வேலை கிடைத்ததும் சொல்லியனுப்புங்க' என்று இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஆயக்குடியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இப்போது மறுபடி ஆட்சி மாறியிருக்கிறது. எங்கள் தொகுதியில் ஜெயித்தவரைப் பார்த்து மனுக்கொடுத்தால் பழைய வேலை கிடைக்கும் என்பது அவன் கணக்கு.

"அதுக்கு நான் எதுக்குடா?"

"தனியாப் போனா நாயாக்கூட மதிக்கமாட்டாகண்ணே. அமெரிக்காக்காரன் பக்கத்துல நின்னா ஒரு சேராச்சும் போடுவாக."

அமெரிக்காக்காரன் அங்கே என்ன செய்கிறான் என்று அவனுக்குச் சரியாகத் தெரியாது. வாரநாளில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறேன். சனிக்கிழமைகளில் பழங்காலத்துக் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு ஒரு செத்துப்போன ஜனாதிபதியின் பண்ணைவீட்டைச் சுற்றிக் காட்டுகிறேன். ஏழாவது ஜனாதிபதி. இருபது டாலர் நோட்டில் தலைமயிர் சிலிர்த்துக்கொண்டு நிற்பாரே, அவர்தான். வழிகாட்டிகளான நாங்கள் எங்களுக்குள் அவரை ஏழாமவர் என்றுதான் சொல்வோம்.

ஏழை வீட்டில் பிறந்து, படிப்பு அதிகம் இல்லாமல், சண்டைபோட்டுப் பேர் வாங்கி மேலே வந்தவர். சாமானியர்களின் ஜனாதிபதி என்று பெயர். அவர் பதவி ஏற்ற அன்று சாமானியர்கள் வெள்ளை மாளிகைக்குள் புகுந்துவிட்டார்கள். சேற்றுப் பூட்சோடு பட்டு நாற்காலிமேல் ஏறி நின்றார்கள், பீங்கானை உடைத்தார்கள். ஜனாதிபதியையே நெருக்கித் தள்ள, ஆட்கள் கைகோத்து அவரைப் பின்பக்கமாக வெளியே கொண்டுபோனார்கள். கடைசியில் மதுத் தொட்டிகளைத் தோட்டத்துக்குத் தூக்கிப்போன பிறகுதான் கூட்டம் ஜன்னல் வழியாகவெல்லாம் குதித்து வெளியேறியது. இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், ஒவ்வொரு சனிக்கிழமையும் மூன்று தடவை.

அந்தப் பண்ணையில் பருத்தி பறித்த அடிமைகளின் குடிசைகளும் இருக்கின்றன. சொந்த மண்ணிலிருந்து அவர் துரத்தியடித்த செவ்விந்தியர்களின் கதையும் இருக்கிறது. அதைச் சொன்னால் கூட்டம் அமைதியாகிவிடும். அதனால் நான் அதைச் சீக்கிரம் முடித்துவிட்டு மதுத்தொட்டிக்கு வந்துவிடுவேன். நல்ல வழிகாட்டி என்று எனக்குப் பெயர்.

முதல் நாள் தூங்கினேன். எழுந்தேன், சாப்பிட்டேன், மறுபடி தூங்கினேன். சேவியரே சமைத்திருந்தான். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, வெஞ்சனத்துக்கு முட்டை. உப்பு கூடுதல். "நல்லாருக்காண்ணே?" என்று மூன்றுமுறை கேட்டான். நல்லாருக்கு என்று மூன்றுமுறை சொன்னேன்.

இரண்டாம் நாள் காலையில் வாசல் குழாயில் தண்ணீர் வந்தது. ஆறரை என்றால் ஆறரை. பின்னாலேயே ஒரு பெண் தெருவில் நடந்து வந்தார். நாற்பது வயதிருக்கும். தோளில் ஒரு பெரிய இரும்பு ஸ்பானர். ஒவ்வொரு வீட்டு வாசலிலும், "தண்ணி ஏறுதாக்கா? கடைசி வீடு வரைக்கும் வருதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்து, "வாங்கண்ணே, எப்ப வந்தீக? செத்த வேகமா விடவா?" என்றார்.

"போதும்மா" என்றேன்.

சேவியர் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. அவர் போனபிறகுதான் குடத்தை எடுக்க வந்தான். "அதுதான் பஞ்சவர்ணம். என் வேலையில இருக்கது" என்றான்.

"புருசன்?"

"இல்ல. செத்துப்போயி ஆறு வருசமாச்சு. மாமியாளும் ஒரு மகளும்." குடத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "ஏண்ணே மூஞ்சியத் தூக்குற? என்னைய அனுப்பும்போது யாரு அழுதாக?"

நியாயம்தான். அவனே அந்த வேலைக்கு வந்தது அதற்கு முன்னாலிருந்த ஒரு பெரியவரை அனுப்பிவிட்டுத்தான். அரசாங்க வேலை அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை, யார் வேண்டுமானாலும் செய்யலாம், மாற்றி மாற்றிப் போடுவதுதான் நல்லது என்பது ஏழாமவரின் வாதம். அப்படிச் சொல்லித்தான் எத்தனையோ குமாஸ்தாக்களையும் தபால்காரர்களையும் வீட்டுக்கு அனுப்பித் தன் ஆட்களைப் போட்டார். இதைச் சேவியரிடம் சொன்னேன். "நல்ல மனுசன்" என்றான்.

அன்று மத்தியானம் திண்டுக்கல் போனோம். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போனதில் பாதி உயிர் போய்விட்டது. மீதி உயிரை ஒரு பிரியாணிக் கடை காப்பாற்றியது. சீரகச் சம்பா, பொடிப்பொடியாக வெட்டிய கறி, தொட்டுக்கொள்ளத் தால்ச்சா. பக்கத்து இலைக்காரர் தன் நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "இவுக வந்தா மட்டும் என்ன கிழிக்கப் போறாக? கறி வெலை கொறையுமா?" சனிக்கிழமை ஒன்றில் ஒரு டென்னசிக் கிழவர் என்னிடம் கிட்டத்தட்ட இதையேதான் கேட்டார். "எல்லாம் சரி தம்பி, அவர் வந்ததால் சோளம் விலை குறைந்ததா?"

சாப்பிட்டதும் சேவியர் மனுவை டைப் அடிக்கப் போனான். என்னிடம், "பேண்ட்டு வேணாம்ணே, அதிகாரின்னு நெனச்சு ஒதுக்கிருவாக. நல்ல வேட்டியா ஒண்ணு எடுத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனான். கடைத்தெருவில் ஏதோ ஒரு கடையில் ஏறினேன்.

"கரை எப்புடி வேணும் சார்?" என்றார் கடைக்காரர்.

"அழகா இருக்கறதாக் குடுங்க."

அவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு அடித்தட்டிலிருந்து ஒரு வேட்டியை உருவினார். பளிச்சென்று இரண்டு வர்ணத்தில் அகலமான கரை. என் காலத்தில் இருந்த கட்சிகளின் கரை எனக்குத் தெரியும். அதில் எதுவும் இது இல்லை என்று சரிபார்த்துத்தான் வாங்கினேன். நான் ஊரைவிட்டுப் போன பிறகு கட்சிகள் குட்டிபோட்டிருக்கும் என்பது இந்த மூளைக்கு உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் விடியும் முன்பே சேவியர் வரிசையில் இடம்பிடிக்கக் கிளம்பிவிட்டான். நான் குளித்து, புது வேட்டியைக் கட்டிக்கொண்டு மினிபஸ்ஸில் ஏறினேன். வழியில் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கிப் புளியமரத்தடியில் நின்றோம். பூக்கூடை வைத்திருந்த ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்கிட்டுண்ணே பயணம்?"

ஜெயித்தவர் வீட்டுக்கு என்றேன்.

"இந்த வேட்டியோடயா?"

"ஆமா, புதுசு."

"தைரியந்தான்" என்றார். வேட்டியைப் பாராட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டு நன்றி சொன்னேன். அடப்பாவி, அப்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா!

ஜெயித்தவரின் வீடு ஊருக்கு வெளியே இருந்தது. புதுவீடு, பின்னால் தென்னந்தோப்பு. வாசலில் செருப்பு மலையாகக் கிடந்தது. உள்ளே நிற்க இடமில்லை. சால்வை, மாலை, எலுமிச்சம்பழம், எல்லார் கையிலும் மஞ்சள் உறையில் ஒரு மனு. சோபா கைப்பிடிமேல் ஆறுபேர். டீப்பாய்மேல் ஒருவர் ஏறி நின்று, "அண்ணன் எறங்கி வாராரு!" என்று கத்த, கண்ணாடி சிதறியது. ஜெயித்தவரின் அம்மாவோ மாமியாரோ, ஒரு முதியவர், மீன்தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணன் இறங்கி வரவில்லை, மாடியிலேயே இருந்தார். சற்றுப் பொறுத்து மைக்கில் ஒரு குரல்: "பிரியாணி தோப்புல போடுறோம். தோப்புப் பக்கம் போங்க." பாதிக் கூட்டம் அடுப்படி வழியாகப் பாய்ந்தது.

நான் தனியாக நின்று சிரித்தேன். எத்தனை சனிக்கிழமை சொன்ன கதை! அப்போது சேவியர் என் கையைப் பிடித்தான். முகம் செத்துப்போயிருந்தது.

"முடிஞ்சுபோச்சுண்ணே. உதவியாளரப் பாத்துட்டேன். ஆள் மாத்துற லிஸ்ட்டுல நம்மூரு பேரே இல்லையாம். அந்தப் பொம்பளை நேரத்துக்குத் தண்ணி விடுது, அதே இருக்கட்டும்னு ஊர்க்காரகளே எழுதிக் குடுத்துட்டாகளாம். நம்ம கட்சிக்காரகளே கையெழுத்துப் போட்டிருக்காக." கையிலிருந்த மனுவை மடக்கினான். "ஆயக்குடிக்கு நான் என்னத்தச் சொல்லுவேன்?"

நான் பதில் சொல்வதற்குள் அவன் பார்வை கீழே போயிற்று. "ஏண்ணே… இது என்ன கரை?"

அதற்குள் பின்னாலிருந்து யாரோ கத்திவிட்டார்கள். "ஏலே, தோத்த கூட்டத்து ஆளு ஒருத்தன் உள்ள நிக்கிறான்!"

ஐந்தாறு கை என் தோளில் விழுந்தது. "வேவு பாக்க வந்தியா?" என்றது ஒரு குரல். ஐம்பத்திரண்டு வயதில், ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்து, கட்சி வேட்டிக்காக அடிவாங்கப் போகிறேன் என்று நினைத்தபோது பயத்தைவிட அலுப்புத்தான் வந்தது. "அமெரிக்காவுல இருந்து வந்த எங்கண்ணன், அவருக்கு ஒண்ணும் தெரியாது!" என்று சேவியர் கத்தினான். கண்ணாடி போட்ட ஒரு கட்சிக்காரர் குறுக்கே புகுந்தார். நல்ல மனிதர். "அண்ணனுக்கு வெவரம் தெரியல, விடுங்கப்பா. கரைதானே? கிழிச்சுருவோம்" என்று சொல்லிக் குனிந்து, என் வேட்டி ஓரத்தைப் பல்லால் கடித்துத் தொடங்கிவைத்தார். "சுத்துங்கண்ணே" என்றார். சுற்றினேன். டர்ரென்று கரை முழுசும் ஒரே நாடாவாக அவர் கையோடு வந்தது.

அந்த நேரம் பார்த்து ஜெயித்தவர் மாடிப்படியில் இறங்கி வந்தார்.

"அடடே! கிழிச்சுட்டாரா!" என்றார். முகமெல்லாம் பல்.

கண்ணாடிக்காரர் சமயம் அறிந்தவர். நாடாவைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, "அமெரிக்காவுல இருந்து வந்திருக்காருண்ணே! அந்தக் கட்சி வேணாம்னு கரையக் கிழிச்சுப்போட்டு நம்மகிட்ட வந்துட்டாரு!" என்றார். கூட்டம் விசிலடித்தது. மைக்கில் அறிவித்தார்கள். எனக்கு ஒரு சால்வை விழுந்தது. கேமராவில் வெளிச்சம் மின்னியது. ஜெயித்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டே, "என்ன செய்யணும், சொல்லுங்க" என்றார்.

'நான் எந்தக் கட்சியும் இல்லை, கடைக்காரன் கொடுத்த வேட்டி இது' என்று சொல்ல வாயைத் திறந்தேன். சேவியர் என்னைப் பார்த்தான். அவன் அப்படி என்னைப் பார்த்து நான் பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டேன். அவன் மனுவை நீட்டினான். உதவியாளர் ஜெயித்தவர் காதருகே, "அந்த ஊர்ல இப்ப இருக்க ஆளே இருக்கட்டும்னு சொல்லிட்டோம்ணே" என்றார்.

"அட, அமெரிக்காவுல இருந்து வந்தவருக்கு இது கூடவா செய்யமாட்டோம்?" என்று அங்கேயே, யாரோ ஒருவரின் முதுகில் வைத்து எழுதிக்கொடுத்தார்.

தோப்பில் சேவியர் இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டான். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது. திரும்பும் வழியில் பூத்தில் நிறுத்தி ஆயக்குடிக்குப் பேசினான். ரிசீவரை என்னிடம் நீட்டினான். "பெரிய மச்சானுங்களா? நெசந்தானுங்களா? நாளைக்கே வந்தர்றோமுங்க" என்று ஸ்டெல்லா அழுதாள். பின்னால் பிள்ளைகள் கத்துவது கேட்டது. அந்தக் குரலைக் கேட்டபிறகு நான் செய்தது தப்பென்றும் சொல்ல முடியவில்லை, சரியென்றும் சொல்ல முடியவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன்.

நான்காம் நாள் காலை தொட்டிக்குப் போனோம். நான் வரவில்லை என்றேன், சேவியர் விடவில்லை. அவனுக்கும் தனியாகப் போகப் பயம். பஞ்சவர்ணம் எங்களுக்கு முன்பே வந்து, தொட்டிக்குக் கீழே கூட்டிப் பெருக்கி வைத்திருந்தார். திண்ணென்று ஒரு முகம். அழுத முகமில்லை.

"என்னைய நிக்கச் சொல்லித் தாளு வந்துருச்சுண்ணே" என்றார் என்னிடம். "பேப்பர்லயும் வந்திருக்கு. சால்வையோட நிக்கிறீக. வேட்டிதான் கீழ பிஞ்சுகெடக்கு."

"என்னாலதாம்மா போச்சு" என்றேன். "எனக்கு அந்தக் கட்சியும் தெரியாது, இந்தக் கட்சியும் தெரியாது. அங்கேயே உண்மையச் சொல்லியிருக்கணும். சொல்லல."

"சொன்னா அடிச்சிருப்பாகல்ல" என்றார். சமாதானத்துக்குச் சொன்னாரா, குத்திக்காட்டினாரா தெரியவில்லை. பிறகு சேவியர் பக்கம் திரும்பினார். "இங்க பாரு, கெழக்குத் தெருவுக்கு முக்கா மணி நேரம். மேட்டுத் தெருவுக்கு ஒரு மணி நேரம் விடணும், இல்லைனா கடைசி நாலு வீட்டுக்கு ஏறாது. கோயில் தெரு வால்வ ஒரே மூச்சாத் தொறந்துறாத. நீ இருந்தப்ப போட்ட பைப்பு இல்ல அது, வெடிச்சிரும். மெதுவா."

சேவியர் தலையாட்டினான்.

"மோட்டாருல சத்தம் வந்தா உடனே அமத்திரு. வயர்மேன் நம்பரு செவுத்துல எழுதிருக்கேன்." ஒன்றும் பாக்கியில்லை என்பதுபோல் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "ஏண்ணே, உங்க ஊருலயும் இப்படித்தானா? ஆட்சி மாறுனா தண்ணி தொறந்துவிடுறவகளையும் மாத்துவாகளா?"

இத்தனை வருஷத்தில் எந்தச் சுற்றுலாக்காரரும் என்னிடம் கேட்காத கேள்வி. "மாத்துனாங்க. தபால் ஆபீஸ்காரர் வரைக்கும் மாத்துனாங்க. ரொம்ப வருசம் அப்படித்தான் நடந்துச்சு" என்றேன்.

"அப்பறம் எப்படி நின்னுச்சு?"

"வேலை கேட்டுக் கெடைக்காத ஒருத்தன், பின்னால வந்த ஒரு ஜனாதிபதியச் சுட்டுட்டான். அவரு செத்துப்போனாரு. அதுக்கப்புறந்தான் சட்டம் போட்டாங்க. பரீட்சை வச்சு ஆளெடுக்கணும், சும்மா தூக்கக் கூடாதுன்னு."

பஞ்சவர்ணம் ஸ்பானரை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார். "ஒரு உசுரு போனாத்தான் ஒரு சட்டம் வருமா?" என்றார். தொட்டியை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். "அம்புட்டுக்கெல்லாம் நமக்குத் தெம்பு இல்லண்ணே."

தோளிலிருந்த ஸ்பானரை இறக்கி, முந்தானையால் பிடியைத் துடைத்து, சேவியர் கையில் கொடுத்தார். அவன் வாங்கிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான்.

"எண்ணெயப் போட்டுத் தொடச்சு வையி சேவியரு, துருப்பிடிக்க விட்டுறாத" என்றார். "அஞ்சு வருசங்கழிச்சு எனக்கு வேணும்."